யாரிடம் முறையிடுவது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மாடிக்கூடத்தில் மனித உரிமை என்னும் பொருள் பற்றிச் சொற்போர் ஒன்று நடந்தது. கிள்ளானிலிருந்து ரயிலேறிச் சென்று நானும் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். பேசியவர் இருவர், இருவரும் கற்றவர், கனவான்கள். முன்னவர் வழக்கறிஞர். மனித உரிமை என்பது ஐரோப்பா உலகத்துக்கு வழங்கிய பெருங்கொடை என்றும், அதைப் பெறுதற்குரிய பக்குவம் நமக்கு வாய்க்க இன்னும் நெடுங்காலம் செல்லும் என்றும் அவர் சாதித்தார். பின்னவர் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர். மனித உரிமை வெள்ளைக்காரன் சரக்கு, கீழ்நாட்டாராகிய நம் பண்புக்கு ஒவ்வாதது, நமக்கு வேண்டுவன கடமையுணர்ச்சியும் பெரியோர்க்கு அடங்கி நடத்தலுமே என்று அவர் மறுத்துரைத்தார். சபையோர் இருவருக்கும் கைதட்டினர். தேநீர் வந்தது. கூட்டம் கலைந்தது.

திரும்பும் வழியில், ரயில் சுபாங்கைக் கடக்கும்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. ஒருவரையொருவர் மறுப்பதாக எண்ணிக்கொண்டு இருவரும் ஒன்றையே கூறினர். உரிமையென்பது ஐரோப்பாவில் விளைந்த பயிர், இம்மண்ணில் அது முளைத்ததேயில்லை என்பதில் இருவருக்கும் வேற்றுமை கிடையாது. முன்னவர் அதை வாங்கச் சொல்கிறார். பின்னவர் வாங்காதே என்கிறார். இந்தக் கூற்று பொய். இதைப் பொய்யென்று காட்டச் சிலாங்கூரை விட்டு வெளியே செல்ல வேண்டுவதில்லை. நான் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்திலேயே அதற்குச் சான்று கிடக்கிறது.

சைக்கிள் என்று காரணத்தோடுதான் சொன்னேன்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதனும் அவர்களுக்கு நாவாக அமைந்தனர். துரைமார் முன் அவர்கள் வைத்த கோரிக்கைகளை இன்று எடுத்துப் படிப்பவர் வியப்படைவர். சீனத் தொழிலாளிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் ஒரே கூலி வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பும் நோயாளிகளுக்குத் தக்க வைத்தியமும் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். தொழிலாளப் பெண்களிடம் துரைமாரும் அவர்களின் ஆபீசு ஆட்களும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். பேசவும் கூட்டம் கூடவும் சுதந்திரம் வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். கோரிக்கை வைத்தவனைப் பழிவாங்கலாகாது. இவற்றோடு இன்னொன்று: துரைக்கும் கிராணிக்கும் எதிரே தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல அனுமதி வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைக் கண்டு சிலர் சிரிப்பர். சிரிக்கட்டும். தன் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளில், தான் தினமும் நடந்து தேய்த்த செம்மண் பாதையில் செல்பவன், எதிரே ஒரு மனிதன் வருகிறான் என்பதற்காகவே இறங்கித் தலைகுனிந்து ஒதுங்கி நிற்க வேண்டுமாயின், அந்நிலையை எந்தப் பெயரால் அழைப்பது? இழிவுபடுத்தும் நடத்துகை என்று பிற்காலத்தில் ஐரோப்பியர் தம் உடன்படிக்கையில் அதற்குப் பெயர் வைத்தனர். பேச்சுரிமை, சங்கம் கூடும் உரிமை, குடும்ப வாழ்வில் தலையிடாமை, இனத்தால் வேற்றுமை பாராட்டாமை என்று ரோமாபுரியில் 1950 நவம்பர் 4ஆம் தேதி அவர்கள் கையெழுத்திட்ட அந்த ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் முக்கியமான பிரிவுகள் பலவும், ஒன்பதாண்டுகளுக்கு முன்னரே கிள்ளான் தோட்டங்களில், கையெழுத்தும் போடத் தெரியாத பலரின் வாயிலிருந்து வெளிவந்துவிட்டன. அவர்களுக்கு எந்த ஐரோப்பியப் பேராசிரியரும் பாடம் சொல்லவில்லை. முதுகுதான் சொல்லிக் கொடுத்தது.

இங்கே என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அக்கோரிக்கைகளுள் ஒன்று, ‘கறுப்பு ஐரோப்பியர்’ எனப்பட்ட கொடிய ஆபீசு ஆட்களை நீக்கி, தமிழ் கற்றவர்களை அவ்விடங்களில் அமர்த்த வேண்டும் என்பது. அந்தக் கறுப்பு ஐரோப்பியர் யார்? ஆங்கிலம் கற்ற கிராணிமார். நானும் ஆங்கில வழியில் படித்தவன். அதே நாற்காலியின் இன்றைய வாரிசு. ஆகவே, உரிமையை ஐரோப்பாவிலிருந்து கற்றுக்கொண்டோம் என்று எம் வகுப்பார் மார்தட்டும்போது எனக்கு வெட்கமே உண்டாகிறது. நாம் ஐரோப்பாவிலிருந்து கற்றது உரிமையன்று, உத்தியோகம். உரிமையைக் கற்றவர்கள் நம்மைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவர்கள்.

நாதன் 1941 மே மாதம் கைது செய்யப்பட்டு, இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். சர்க்கார் துருப்புகளை அனுப்பிற்று. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் மாண்டனர், பலர் காயமுற்றனர், பலர் சிறை புகுந்தனர். கிள்ளானில் இது நடந்து மூன்று மாதங்கள் கழிந்து, ஆகஸ்டு 14ஆம் தேதி, சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டனர். எல்லா மக்களும் தமக்கேற்ற ஆட்சியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை அதில் பேசப்பட்டது. செப்டம்பர் 9ஆம் தேதி சர்ச்சில் பாராளுமன்றத்தில் எழுந்து, அச்சாசனம் எழுதியபோது தாம் முதன்மையாக மனத்திற்கொண்டது நாஜிகளின் நுகத்தடியில் சிக்கிய ஐரோப்பிய நாடுகளையே என்று விளக்கம் கூறினார். பிரிட்டிஷ் கொடியின் கீழ் வாழ்பவர் கணக்கு வேறு என்பது அதன் கருத்து. பின்னாளில் ஐரோப்பிய மனித உரிமை இயக்கத்தின் மூத்த தலைவர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவரும் இதே சர்ச்சில்தான்.

இனி இரண்டு தேதிகளைப் பிரிக்பீல்ட்ஸ் வழக்கறிஞர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். 1949 மே 4. 1949 மே 5.

மே 5ஆம் தேதி லண்டனில் பத்து ஐரோப்பிய நாடுகள் கூடி ஐரோப்பிய மன்றம் என்னும் அமைப்பைத் தோற்றுவிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மனித உரிமையையும் சட்டத்தின் ஆட்சியையும் காப்பதே அம்மன்றத்தின் உயிர்நாடி என்று அதில் எழுதப்பட்டது. அதற்கு முந்திய நாள், அதே பிரிட்டிஷ் சர்க்காரின் ஆளுகையில், கோலாலம்பூர் புடு சிறையில் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் அவர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றம். அவசரகால விதிகளின்படி தண்டனை மரணம். இந்திய சர்க்கார் உயிர்ப்பிச்சை கேட்டும் பயனில்லை. அப்போது லண்டனில் ஆண்டது தொழிற்கட்சி என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அதற்கும் முந்திய நாள், மே 3இல், கணபதியின் தோழர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். கணபதியின் கொள்கை எனக்கு உடன்பாடா என்பது இங்கே கேள்வியன்று. ஐரோப்பியன் கழுத்தைக் காக்க மையூற்றிய கை, அதே வாரத்தில் நம்மவன் கழுத்தில் கயிறு மாட்டிற்று என்பதே சொல்ல வந்தது.

நிற்க. அந்தக் காலத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற இன்னொரு தமிழர் வழக்கும் உண்டு. அவர் பெயர் சம்பசிவம். வழக்கு ஜொகூரில் நடந்தது. ஒரு குற்றச்சாட்டில் விடுதலை பெற்றவரை, அவ்விடுதலையை மதியாமல், அதே சம்பவத்தின் மற்றொரு குற்றச்சாட்டில் தண்டித்தனர். அவ்வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில்வரை மேல்முறையீடாகச் சென்றது. 1950இல் அத்தண்டனை ரத்தாயிற்று. சம்பசிவம் உயிர் பிழைத்தார். உலகெங்கும் சட்ட மாணவர் அவ்வழக்கை இன்றும் படிக்கின்றனர். தண்டித்தவனுக்கு மேலே ஒரு கதவு இருந்தது, அது திறந்தது, ஒரு கழுத்து தப்பிற்று. இந்த வழக்கை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும். என் வாதமெல்லாம் இக்கதவைப் பற்றியதுதான்.

ரோமாபுரி உடன்படிக்கைக்கு மீள்வோம். அது 1953 செப்டம்பர் 3ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதில் 63ஆம் பிரிவு என்று ஒன்று வைத்தனர். கையெழுத்திட்ட நாடு விரும்பினால் மட்டும் தன் குடியேற்ற நாடுகளுக்கும் இவ்வுரிமைகளை நீட்டிக்கலாம். அப்படி நீட்டித்தாலும் ‘உள்ளூர்த் தேவைகளை’க் கருதியே அவை அமலாகும் என்பது அதன் சாரம். மனிதன் மனிதனாகப் பிறந்ததனாலேயே பெற்ற உரிமை என்று முகப்பில் எழுதிவிட்டு, கொல்லைப்புறத்தில் இப்படி ஒரு வேலி.

அதே ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி பிரிட்டிஷ் சர்க்கார் நாற்பதுக்கு மேற்பட்ட தன் ஆட்சிப் பகுதிகளுக்கு அவ்வுடன்படிக்கையை நீட்டித்தது. அப்பட்டியலில் மலாயாக் கூட்டரசும் இருந்தது. வாசகர்களில் பலர் இதை முதன்முறையாகக் கேள்விப்படுவர். ஆம், நம் பாட்டனாரும் பாட்டியாரும் ஏறத்தாழ நான்காண்டுக் காலம், 1957 ஆகஸ்டு 31 வரை, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் பாதுகாப்பில் வாழ்ந்தவர்கள்! விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்வாளி சுமந்து, அவசரகாலத்து முள்வேலிக்குள் அளந்து கொடுத்த அரிசியை உண்டு வாழ்ந்த அவர்களுக்கு இச்செய்தியை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பயனிராது. 1954 மே மாதம் அதே சர்க்கார், மலாயாவில் அவசரகாலம் நிலவுவதால் உடன்படிக்கையின் கடமைகள் சிலவற்றை இங்கே நிறுத்தி வைத்திருப்பதாக ஐரோப்பிய மன்றத்துக்கு எழுதி அனுப்பிவிட்டது. விசாரணையின்றிக் காவலில் வைப்பதும், ஏறத்தாழ 5 லட்சம் மக்களைப் பெயர்த்து வேலியிட்ட புதுக்கிராமங்களில் அடைத்ததும் அவ்விலக்கின் நிழலில் தங்கின.

அதிலும் பெரிய குறை ஒன்று. தனி மனிதன் தன் சர்க்காரின் மேல் நேரே முறையிடும் உரிமையை பிரிட்டன் தன் சொந்தக் குடிகளுக்கே 1966 ஜனவரியில்தான் வழங்கிற்று. அதற்குமுன், உடன்படிக்கையில் சேர்ந்த இன்னொரு நாடு முன்வந்து வழக்காடினால்தான் உண்டு. சைப்ரஸ் தீவில் பிரிட்டிஷார் செய்த அவசரகாலக் கொடுமைகளை எதிர்த்து 1956இல் கிரேக்க நாடு அப்படி வழக்காடிற்று. சைப்ரஸ்காரனுக்கு ஐரோப்பாவில் உறவினன் இருந்தான். மலாயாத் தோட்டக்காரனுக்கு யார் இருந்தார்?

பத்தாங் காலி என்னும் ஊர் கோலாலம்பூருக்கு வடக்கே, உலு சிலாங்கூரில் உள்ளது. 1948 டிசம்பர் மாதம் அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர், ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றவர்கள் என்றது சர்க்கார். 1970இல் அப்படையினர் சிலரே லண்டன் பத்திரிகையொன்றில் உண்மையை ஒப்புக்கொண்டனர், விசாரணை தொடங்கிற்று, ஆட்சி மாறியதும் நின்றது. மாண்டவர் சுற்றத்தார் ஓயவில்லை. பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் 2015 நவம்பர் 25இல், பகிரங்க விசாரணை நடத்த சர்க்காரைக் கட்டாயப்படுத்த முடியாதெனத் தீர்த்தது. அவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்றனர். 2018இல் அந்நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை. அத்தனை பழைய காலத்தை எட்டும் அதிகாரம் தனக்கில்லை என்றது. கொலை நடந்தபோது கதவு இல்லை. கதவு வைத்தபின் காலம் கடந்துவிட்டது என்றனர். ஐரோப்பாவைக் கொடை வள்ளலாக்கிப் பேசும் வழக்கறிஞர், பத்தாங் காலிக்கு ஒருமுறை போய் வரட்டும். அதிக தூரமில்லை.

இவ்வளவு சொன்னபின் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் மகிழ்ந்து, “பார்த்தீரா, நான் சொன்னது சரிதான், வெள்ளைக்காரன் உரிமை வெள்ளைக்காரனுக்கே” என்பார். அவசரப்பட வேண்டாம் ஐயா. உம்மிடமும் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பியரின் உரிமைப் பட்டியலில் நாம் வியக்க ஒன்றுமில்லை. பட்டியல் நம்மிடமும் இருந்தது. வியக்கத்தக்கது, அவர்கள் பட்டியலுக்கு மேல் ஒரு நீதிமன்றம் கட்டி, தம் சர்க்கார்களை அதன் கூண்டில் ஏற்றியதுதான். இன்று 46 நாடுகளில் வாழும் ஏறத்தாழ 70 கோடி மக்களுள் எவனும், தன் நாட்டு நீதிமன்றங்களில் முயன்று தோற்றபின், தன் சர்க்காரின் மேல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வழக்குத் தொடுக்கலாம். குடியுரிமை இல்லாதவனும் தொடுக்கலாம், சிறைக்கைதியும் தொடுக்கலாம். தோற்ற சர்க்கார் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். சட்டத்தையும் திருத்த வேண்டியிருக்கும். இதை ஐரோப்பிய யூனியனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் பலர். இது வேறு, ஐரோப்பிய மன்றத்தைச் சேர்ந்தது. யூனியனை விட்டு விலகிய பிரிட்டனும் இதில் இருக்கிறது. உக்ரேன் மேல் படையெடுத்த ருஷ்யாவை 2022இல் இதிலிருந்து நீக்கினார்கள்.

அந்த ‘உள்ளூர்த் தேவை’ வேலியை நினைவில் வைத்திருக்கிறீர்களா? அதன் கதையைக் கேளுங்கள். பிரிட்டனுக்கு அருகே மான் தீவு என்று ஒரு சிறு தீவு. அங்கே ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு நீதிமன்ற ஆணைப்படி மூன்று பிரம்படி கொடுத்தார்கள். பையன் ஸ்ட்ராஸ்பர்க் சென்றான். எங்கள் தீவின் வழக்கம் இது, ஜனங்களும் இதையே விரும்புகிறார்கள், உள்ளூர்த் தேவையைக் கருத வேண்டும் என்று தீவின் சார்பில் வாதாடினர். 1978இல் நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளி, பிரம்படி மனிதனை இழிவுபடுத்தும் தண்டனை என்று தீர்ப்பளித்தது. குடியேற்ற நாட்டானை வெளியே நிறுத்தக் கட்டிய வேலியே அங்கே சாய்ந்தது. நம் நாட்டில் இன்றும் சிறைகளில் பிரம்படி நடக்கிறது. அதைக் கொண்டுவந்தவன் பிரிட்டிஷ்காரன். அவன் நாட்டில் அது ஒழிந்தது. இங்கே அதைக் கீழ்நாட்டுப் பண்பு என்று பாதுகாக்கிறோம். உத்தியோகஸ்தர் ஐயா, வெள்ளைக்காரன் சரக்கு எது? பிரம்பா, பிரம்பைத் தடுத்த தீர்ப்பா?

இன்னும் நெருங்கி வருகிறேன். 2022 ஏப்ரல் 27ஆம் தேதி விடியற்காலையில் சிங்கப்பூரில் ஈப்போத் தமிழ் இளைஞர் நாகேந்திரன் தர்மலிங்கம் தூக்கிலிடப்பட்டார். 42 கிராம் அளவு போதைப்பொருள் கடத்திய குற்றம். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று வைத்தியர் மதிப்பிட்டிருந்தனர். உலகமெங்கும் குரல் எழுந்தது. நம் பிரதமரும் சிங்கப்பூர்ப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் எழுதுவதைத் தவிர ஒரு பிரதமராலும் வேறொன்றும் செய்ய இயலவில்லை. இரு நாடுகளுக்கும் மேலே கேட்பாரில்லை. அதே ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, புகலிடம் தேடி வந்தவர்களை ருவாண்டாவுக்கு ஏற்றிச் செல்ல இங்கிலாந்தில் ஒரு விமானம் ஆயத்தமாக நின்றது. அன்றிரவு ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது, விமானம் கிளம்பவில்லை. ஏறவிருந்தவர்கள் அந்நாட்டுக் குடிமக்களல்லர். இரண்டுக்கும் இடையே ஏழு வாரம்.

தோட்டத்து ஆபீசில் இருப்பவனுக்கு இது புத்தக விஷயமன்று. எங்கள் ஆபீசுக்கு வரும் ஒவ்வொரு மனுவும் என் மேசைக்கு வருகிறது. இன்று மனுக் கொடுப்பவர் பெரும்பாலும் தமிழரல்லர். லயங்களில் இப்போது வங்காள தேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் குடியிருக்கின்றனர். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததுபோலவே ஆளும் மாறிற்று. மனுவின் வாசகம் மட்டும் மாறவில்லை. தண்டல் அடித்தான். செக்ரோலில் நாள் குறைந்தது. கூலியில் பிடித்தம் அதிகம். இவற்றை எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவனிடம் வருகிறான். நானே எழுதிக் கொடுத்ததுமுண்டு. மனு யாருக்கு? மானேஜருக்கு. மனு யார் மேல்? மானேஜர் நியமித்த தண்டல் மேல், மானேஜர் ஒப்பமிட்ட கணக்கின் மேல். மனுவை யார் கோப்பில் போடுவது? கணக்கு எழுதிய கிராணியாகிய நான். ஆக, குற்றவாளி கையெழுத்துப் போட்டுத் தன் மேல் வந்த புகாரைத் தானே பெற்றுக்கொள்கிறான். இத்தனை ஆண்டுகளில் “விசாரித்ததில் ஆதாரமில்லை” என்று நான் தட்டெழுதிய கடிதங்களை அடுக்கினால் முழங்கால் உயரம் வரும்.

பாஸ்போர்ட்டு விஷயத்தைச் சொல்லாமல் விடலாகாது. பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இந்நாட்டுச் சட்டப்படி 1966 முதல் குற்றம். ஆயினும் எங்கள் ஆபீசு இரும்புப் பெட்டியில் நூற்றுக்கணக்கான பாஸ்போர்ட்டுகள் ரப்பர் வளையம் போட்டுக் கிடந்தன. சாவி என் மேசை அறையில். சட்டம் இருந்தது, நானும் அதைப் படித்திருந்தேன், பெட்டியும் பூட்டியே இருந்தது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி, இந்நாட்டு இரண்டு பெரிய கம்பெனிகளின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்தது. அவ்விரண்டில் எங்கள் கம்பெனி இல்லை. ஆயினும் சில மாதங்களுக்குள் எங்கள் இரும்புப் பெட்டியும் திறந்தது. பாஸ்போர்ட்டுகள் உரியவரிடம் போயின. நம் சட்டத்துக்கு அசையாதது, எண்ணெய் விற்காது என்றதும் அசைந்தது. ஐரோப்பிய யூனியனும் கட்டாய உழைப்பில் விளைந்த பொருளைத் தடுக்க 2024இல் சட்டம் செய்திருக்கிறது, 2027இல் அமலாகுமாம். நல்லது. ஆனால் எண்ணெய்க்கு வந்த வழி அதைப் பிழிந்தவனுக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பீப்பாய் கடல் கடந்து சென்று தன் வழக்கை உரைக்கிறது. மனிதன் என் மேசையோடு நிற்கிறான்.

நமக்கு அரசியல் சட்டம் இல்லையா என்று கேட்பர். இருக்கிறது. 5ஆம் பிரிவு முதல் 13ஆம் பிரிவு வரை அடிப்படைச் சுதந்திரங்கள் அழகாகவே எழுதப்பட்டுள்ளன. அதன் பின்னே 149ஆம் பிரிவு நின்று, அவற்றுள் சிலவற்றுக்கு முரணான சட்டமும் செல்லும் என்கிறது. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. ஆகஸ்டு 1இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. துரை போட்ட பூட்டை நாம் எண்ணெய் போட்டுப் பத்திரப்படுத்தினோம். 52 ஆண்டுகள் கழித்து 2012இல் அச்சட்டம் நீங்கி வேறொரு சட்டம் வந்தது. பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு, குற்ற வழக்குகளில் 1978இலும் சிவில் வழக்குகளில் 1985இலும் நின்றது. அந்நிய சபையிடம் சுதந்திர நாடு கைகட்டி நிற்பது தகாது என்றனர்; நானும் ஒப்புகிறேன். ஆனால் சம்பசிவத்தைக் காத்த கதவை மூடியவர்கள், அதற்கு ஈடாக நம்மவர் அமரும் வேறொரு கதவைத் திறந்தார்களா?

சுஹாகாம் என்னும் மனித உரிமை ஆணையத்தை 1999ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவித்தது. அதன் உழைப்பை நான் குறை கூறேன். அது சிபாரிசு செய்யலாம், கட்டளையிட முடியாது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை நம் நாடு இன்னும் ஏற்கவில்லை. ஆகவே ஜெனீவாவில் தனிமனித முறையீட்டைக் கேட்கும் குழுவிடமும் நாம் செல்ல இயலாது. ஆசியான் 2009இல் ஒரு மனித உரிமைக் கமிஷன் அமைத்து, 2012இல் புனோம் பென்னில் ஒரு பிரகடனமும் செய்தது. தனிமனிதன் வழக்கைக் கேட்டுச் சர்க்கார்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு வழங்க அக்கமிஷனுக்கு அதிகாரமில்லை. எல்லாச் சர்க்கார்களும் ஒப்பினால்தான் அது வாய் திறக்கும். என் மேசையிலுள்ள மனுவின் கதையேதான், அளவு மட்டும் பெரிது. ஆப்பிரிக்கருக்கு அருஷாவில் நீதிமன்றம் இருக்கிறது, அமெரிக்கக் கண்டத்தாருக்கு சான் ஹோசேயில் இருக்கிறது, ஐரோப்பியருக்கு ஸ்ட்ராஸ்பர்க். உலக ஜனத்தொகையில் பாதிக்கு மேல் வாழும் ஆசியாவுக்கு ஒன்றுமில்லை. 2025இல் ஆசியான் தலைமை நம் நாட்டுக்கு வந்தது; கோலாலம்பூரில் மாநாடு நடந்தது; வீதிகளில் கொடி பறந்தது.

2007 நவம்பர் 25ஆம் தேதி இந்நகரில் ஆயிரமாயிரம் தமிழர் திரண்டு, பிரிட்டிஷ் ராணியாருக்கு மனுக் கொடுக்க ஹைக்கமிஷன் நோக்கி நடந்தனர். கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் பாய்ச்சிக் கலைத்தனர். தலைவர்கள் ஐவரை டிசம்பரில் விசாரணையின்றிக் காவலில் வைத்தனர். சுதந்திரம் பெற்று ஐம்பதாண்டுக்குப் பின்னும் பழைய எஜமானியிடம் போகிறார்களே என்று அன்று நகைத்தவர் பலர். பள்ளிப் பையனாயிருந்த நானும் நகைத்தேன். இன்று நகைக்க மாட்டேன். வீட்டுக்குள் தட்டத் தகுந்த கதவு இல்லாதவன், தெரிந்த பழைய முகவரிக்குத்தானே போவான்? அந்த மனுவின் முகவரி பிழையாயிருக்கலாம். அதை எழுத நேர்ந்ததற்கு யார் பொறுப்பு?

தேச சுதந்திரம் பறிபோகும் என்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. வாணிகச் சண்டையில் அந்நிய மத்தியஸ்தர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக நம் சர்க்கார் ஒப்பந்தம் மேல் ஒப்பந்தம் செய்கிறது. புலாவ் பத்து பூத்தே பாறைக்காகச் சிங்கப்பூரோடு ஹேக் நகர நீதிமன்றம் சென்று, 2008இல் தோற்று, தீர்ப்பைப் பெற்று வந்தோம். பாறைக்காக வெளிக் கோர்ட்டு ஏறலாம், மனிதனுக்காக ஏறலாகாது என்பது என்ன நியாயம்?

பிரிக்பீல்ட்ஸ் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். ஐக்கிய நாட்டு உடன்படிக்கையையும் அதன் தனிமனித முறையீட்டு விதியையும் நம் சர்க்கார் ஏற்க வேண்டும். குடியுரிமை உள்ளவன், இல்லாதவன் என்ற வேற்றுமையின்றி எவரும் முறையிடத்தக்க நீதிமன்றமொன்றை ஆசியான் நாடுகள் அமைக்க நம் நாடு முயல வேண்டும். அதுவரை, தோட்டத்து மனு தோட்டத்து ஆபீசு வழியாகச் செல்லாமல் தொழில் இலாகாவுக்கு நேரே செல்ல, தொழிலாளியின் மொழியிலேயே எழுத வழி செய்ய வேண்டும். மூன்றாவது பகுதி சிறிது. சங்கங்கள் மனம் வைத்தால் இந்த மாதமே தொடங்கலாம்; நான்கு மொழியில் மனுப் படிவம் எழுத ஆள் வேண்டும், நான் ஒருவன் இருக்கிறேன். தீர்மானத்தை முன்மொழிவது நான். வழிமொழிய அந்த வழக்கறிஞரையும், அவருக்கு அடுத்தபடியாக அந்த ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தரையும் கேட்டுக்கொள்கிறேன்.